கொலம்பியாவின் டீக்கல்களும் நம் ஊர் ஈரக்காற்றும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘யுஎஸ்ஏ’ என்ற மூன்று எழுத்துகளை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, எழுத்துகள் பதினோரு துண்டாகிக் கிண்ணத்தில் மிதந்தன. வேண்டுமென்றேதான் அவற்றை முதலில் போட்டேன், நான் செய்யும் நாசாவின் கொலம்பியா விண்ணோட மாடலுக்கு அவை தேவையில்லை. ஆனாலும் வயிற்றைப் பிசைந்தது. அதே தாளில்தான் ‘கொலம்பியா’ என்ற பெயரும் இருக்கிறது, வலது இறக்கைக்கு என்று ஒன்றே ஒன்று. அது உடைந்தால் மாற்று கிடையாது.

மாடல் செய்யாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டீக்கல் என்பது உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை. அடியில் ஒரு தாள், அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை, பசைக்கு மேல் மிக மெல்லிய ஒரு படலம், அந்தப் படலத்தில்தான் கொடியும் பெயரும் அச்சாகியிருக்கும். நனைத்ததும் பசை கரைந்து படலம் தாளை விட்டு வழுக்கும், அதை மாடல் மேல் நகர்த்தி, இடம் பார்த்து, உட்காரவைத்துவிட வேண்டும். நன்றாக உட்கார்ந்தால் பெயின்ட்டில் எழுதியதைப் போலவே இருக்கும், விளிம்பே தெரியாது. அந்தப் படலம் வயதாகி வறண்டுபோனால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

இந்த டப்பா என்னிடம் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. 2003 பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டின் முதல் நாள். நான் இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவையில் இருந்தேன், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். கொலம்பியா ஃபுளோரிடாவில் தரையிறங்க வேண்டியது அங்கே காலை ஒன்பதேகால் மணிக்கு, நமக்கு அது இரவு பத்தேகால். எதிர் புளோக்கில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விருந்தாளிகள் லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நீல வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு பல கோடுகளாகப் பிரிந்துகொண்டே போனது. விண்ணோடம் உடைந்து சிதறி இறந்தது ஏழு பேர். அதில் கல்பனா சாவ்லாவும் ஒருவர், 1997இல் அவர் முதல்முறை விண்வெளிக்குப் போனதும் இதே கொலம்பியாவில்தான். அம்மா உட்காரவே இல்லை. “அந்தப் பொண்ணப் பெத்தவங்க எப்படிப்பா தாங்குவாங்க” என்று ஒருமுறை சொன்னார், அதற்கப்புறம் பேசவில்லை.

சில மாதம் கழித்து ஒரு கடையில் இந்த 1/144 மாடலை, அதாவது உண்மையான அளவில் 144இல் ஒரு பங்கு இருப்பதைப் பார்த்து, என் படித்தொகையில் வாங்கினேன். செய்ய மனம் வரவில்லை. வேலை, கல்யாணம், இரண்டு முறை வீடு மாற்றம். கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம் இப்போதைய வீவக அடுக்குமாடி வீட்டின் பாம் ஷெல்டர் என்ற பதுங்கறை, அரிசி மூட்டைக்கும் மகளின் பழைய சைக்கிளுக்கும் நடுவில். ஜன்னல் இல்லாத கான்கிரீட் அறை, கதவைச் சாத்தினால் காற்றே கிடையாது. பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. டீக்கல் தாள்தான் பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சளாகிவிட்டது.

பழைய டீக்கலைக் காப்பாற்ற முடியும். முதலில் மஞ்சள் நிறம். தாளை ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, மேற்குப் பார்த்த சமையலறை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டினேன், அச்சு வெயிலைப் பார்த்து இருக்கும்படி. அடுத்த ஜன்னலடியில் அம்மா தட்டில் வத்தல் காயவைத்திருந்தார். வெயில் மஞ்சளை வெளுக்கும், ஆனால் அளவு மீறினால் கொடியின் சிவப்பையும் சேர்த்து வெளுத்துவிடும், அதனால் தினமும் மாலையில் எடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்பது நாள் ஆனது. முழுக்கப் போகவில்லை, வெள்ளைப் பின்னணியில் வைத்தால் தெரியாத அளவுக்குப் போனது, அது போதும்.

அடுத்தது வறட்சி. இதற்கு மைக்ரோஸ்கேல் லிக்விட் டீக்கல் ஃபிலிம் என்று ஒரு சின்னக் குப்பி கிடைக்கிறது. அகலமான மென்மையான தூரிகையால் தாள் முழுக்க ஒரே தடவையில், திரும்பித் திரும்பித் தேய்க்காமல், பூசிவிட்டு ஒரு இரவு விட்டுவிட வேண்டும். உடைந்த பழைய படலத்தின் மேல் ஒரு புதிய படலம் உருவாகி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். லாக்கர் என்ற வார்னிஷ் வகையில் வரும் நிறமில்லாத கிளியர் ஸ்ப்ரேயும் இதே வேலையைச் செய்யும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பூசிய பிறகு தாள் முழுவதும் ஒரே படலம்தான், ஒவ்வொரு படத்தையும் அதன் ஓரத்தை ஒட்டியே வெட்டியெடுக்க வேண்டும், புது பிளேடால், இழுத்து அறுக்காமல் அழுத்தி வெட்டி. தாளில் 1981இல் கொலம்பியா முதன்முதலாகப் பறந்த காலத்துக் குறிகளும் இருந்தன, பிந்தைய குறிகளும் இருந்தன. நான் செய்வது கடைசிப் பயணத்தின் கொலம்பியா, இடது இறக்கையில் நாசாவின் நீல வட்டச் சின்னம், வலது இறக்கையில் கொடியும் பெயரும். அதனால் பழைய குறிகள் எல்லாம் சோதனைக்கு மிச்சம். பூச்சுக்குப் பிறகு இன்னொரு பழைய குறியைத் தண்ணீரில் போட்டேன். முழுசாக வழுக்கி வந்தது. அன்றைக்கு முழுக்க நல்ல மனநிலையில் இருந்தேன்.

இவ்வளவும் எந்த ஊரில் இருப்பவருக்கும் பொருந்தும். நான் எழுத வந்தது வேறு. இணையத்தில் டீக்கல் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் குளிர்ந்த, வறண்ட ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் நேரக் கணக்கு எதுவும் சிங்கப்பூரில் சரியாக வருவதில்லை. இங்கே விடிவதற்கு முன் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழை இல்லாத நாளில் பிற்பகலில் அதே காற்று 60 வாக்கில் வந்து நிற்கும். ஒரே நாளுக்குள் இரண்டு வேறு ஊர்கள். மூன்று வாரம் இதோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: டீக்கலை வைக்கும்போது ஈரக்காற்று நமக்குத் துணை, கிளியர் கோட் அடிக்கும்போது எதிரி. இந்த இரண்டு வேலையையும் ஒரே வேளையில், ஒரே அறையில் செய்யக் கூடாது.

எதிரிப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டீக்கல் வைப்பதற்கு முன் மாடலுக்குப் பளபளப்பான கிளியர் கோட் வேண்டும். மேட் பெயின்ட் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் சொரசொரப்பானது, அந்த மேடுபள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டால் படலத்துக்கு அடியில் வெள்ளி பூத்த மாதிரி மினுங்கும், காய்ந்த பிறகு அதை முழுசாகப் போக்குவது பெரும்பாடு. பளபளப்பான பரப்பில் காற்று ஒளிய இடம் இல்லை. சரி, ஒரு மழை நாள் காலையில், பொறுமை இல்லாமல், சர்வீஸ் யார்டில் ஜன்னலைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு லாக்கர் கிளியர் அடித்தேன். கறுப்பு வயிற்றுப் பக்கம் இரண்டே நிமிடத்தில் பால் ஊற்றியது போல வெளுத்தது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது, குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது, அந்த ஈரம் லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. குளிர்ந்த டின்னைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் வெளியே வேர்க்கும் இல்லையா, அதேதான். மறுநாள் படுக்கையறையில் இரண்டு மணி நேரம் ஏர்கான் ஓடவிட்டு, மாடலை அங்கேயே வைத்திருந்து, பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே கொண்டுவந்து மிக மெல்லிதாக இன்னொரு பூச்சு அடித்ததும் வெண்மை கரைந்து போய்விட்டது. அன்றிலிருந்து சின்ன ஈரப்பத மானி ஒன்று வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன், 65க்கு மேல் காட்டினால் ஸ்ப்ரேயைத் தொடுவதில்லை.

இப்போது துணைப் பக்கம். இந்த மாடலில் பெயரும் கொடியும் கொஞ்சம்தான், பெரிய வேலை வெப்பத்தைத் தடுக்கும் ஓடுகள். உண்மையான கொலம்பியா முதலில் பறந்தபோது அதன் உடம்பில் 30,000க்கும் மேற்பட்ட ஓடுகள் இருந்தன, சிலிக்கா இழையில் செய்தவை, கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. கறுப்பு ஓடு 1,260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 செ.மீ சதுரம். 1/144இல் அது ஒரு மில்லிமீட்டர். அதைத் தூரிகையால் வரைய முடியாது. அதனால் தனியாக விற்கும் ஓடு டீக்கல் தாள் ஒன்றை வரவழைத்தேன். கறுப்பு அடித்தளத்தின் மேல் உட்கார வேண்டிய சாம்பல் நிறக் கட்டங்கள், ஓட்டுக்கு ஓடு நிறம் கொஞ்சம் மாறும், பார்க்கவே அவ்வளவு அழகு. பழைய தாளுக்கு நேர் எதிர் குணம் இதற்கு. பழையது உடையும், இது சுருளும். படலம் அவ்வளவு மெல்லியது, தன்மேல் தானே மடிந்து ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பதற்குள் கட்டங்கள் நெளிந்துவிடும்.

முதல் துண்டை வழக்கம்போல ஏர்கான் அறையில் வைத்தேன். மேலே ஃபேனும் ஓடியது. கட்டங்களை நடுக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவருவதற்குள் ஓரம் காய்ந்து பிடித்துக்கொண்டது, நகர்த்தியதும் கிழிந்தது. இரண்டாவது துண்டை அதிகாலை ஐந்தரை மணிக்கு எடுத்தேன், ஃபேன் இல்லை, ஏர்கான் இல்லை, மானி 91 காட்டியது. அதே அளவுத் துண்டு, பத்து நிமிடத்துக்கும் மேலாக வழுக்கிக்கொண்டே இருந்தது. கோட்டைக் கோட்டோடு சேர்த்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி ஒரு அரை மில்லிமீட்டர் தள்ளி, எந்த அவசரமும் இல்லாமல். வேர்த்துக் கொட்டியது, நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டேன், ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் எல்லாம் போய்விடும். அதற்கப்புறம் எல்லா ஓடு டீக்கலையும் விடியற்காலையிலேயே வைத்தேன். வெளிநாட்டுக்காரர்கள் படலம் காயாமல் இருக்க ஈரப்பதமூட்டி வைத்துக்கொள்ளும்படி சொல்கிறார்கள். நமக்கு அது இலவசமாகவே வருகிறது.

செய்த முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பெரிய தாளை ஒரே துண்டாக வைக்க ஆசைப்படக் கூடாது. வயிற்றுப் பக்கத்தை ஏழு துண்டாக வெட்டினேன், வெட்டு எல்லாம் ஓடுகளுக்கு இடையிலான கோட்டின் மேலேயே போகும்படி, அப்போது இணைப்பு எங்கே என்று தேடினாலும் தெரியாது. மாடல் பரப்பில் தண்ணீரைத் தாராளமாக விட வேண்டும், அதில் ஒரே ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு. தாளோடு கொண்டுபோய் அருகில் வைத்து, படலத்தைப் பிடித்துக்கொண்டு தாளை உருவியெடுக்க வேண்டும், படலத்தை இழுக்கக் கூடாது. இடம் சரியானதும் நனைந்த காட்டன் பட்ஸை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், தேய்க்காமல் உருட்டித்தான்.

மூக்குப் பக்கம்தான் சோதனை. தட்டையான தாள் பந்து போன்ற வடிவத்தில் எந்தக் காலத்திலும் சுருக்கமில்லாமல் உட்காராது, ஆரஞ்சுத் தோலை மேசையில் விரித்துப் பார்த்தால் இது புரியும். அதனால் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சின்ன முக்கோண வெட்டுகள் கொடுத்து, இதழ் இதழாக மடித்து உட்காரவைத்தேன். அடியில் மைக்ரோ செட், நீல லேபிள் குப்பி, லேசாக வினிகர் வாடை வரும், அது பரப்பைத் தயார்செய்து படலத்தைப் பிடிக்கவைக்கும். மேலே மைக்ரோ சால், சிவப்பு லேபிள், அது படலத்தையே இளக்கி, வளைவோடு படியவைக்கும். மைக்ரோ சால் பட்ட ஒரு நிமிடத்தில் டீக்கல் முழுக்கச் சுருங்கி நெளியும், கெட்டுப்போய்விட்டது என்று கை தானாகப் போகும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் படலம் ஈர அப்பளம் மாதிரி, விரல் பட்டால் அதோடு வந்துவிடும். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்பா, அது சுருங்குது, ஏதாவது பண்ணுங்க” என்று பதறினாள். இருபது நிமிடம் இருவரும் கிச்சனில் போய் மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது கட்டங்கள் மூக்கின் வளைவோடு படிந்து, தட்டையாக, அசையாமல் இருந்தன. இந்த இருபது நிமிடமும் நம் ஊர்க் கணக்குதான், ஏர்கான் அறையில் அதில் பாதி போதும். மிச்சமிருந்த இரண்டு காற்றுக் குமிழ்களை ஊசியால் குத்தி, இன்னொரு சொட்டு சால் விட்டதும் அடங்கின.

அடுத்து இறக்கையின் முன்விளிம்பு. இங்கே ஓடு இல்லை, வெளிர்சாம்பல் நிறத்தில் கார்பன் தகடுகள், ஒவ்வொரு இறக்கைக்கும் 22. தாளில் அவை நீளமான மெல்லிய பட்டையாக வந்திருந்தன. விளிம்பு மேலும் கீழுமாக வளைகிறது, அதோடு இறக்கை உடம்பிலிருந்து சாய்வாகக் கிளம்பி நடுவில் திரும்பி அகலமாகிறது, அந்தத் திருப்பத்தில் பட்டை கண்டிப்பாகத் தூக்கிக்கொள்ளும். வலது இறக்கையில் ஐந்து துண்டாக வெட்டி முடித்தேன். இடது இறக்கைக்கு வந்தபோது தகடுகளை உடம்புப் பக்கத்திலிருந்து எண்ணினேன். 2003 ஜனவரி 16, கிளம்பி ஏறத்தாழ 82ஆவது வினாடியில் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு இந்த விளிம்பில்தான் மோதியது, எட்டாவது தகட்டின் கீழ்ப்பாதியில் என்று விசாரணை முடிவு சொன்னது. பதினாறு நாள் கழித்துத் திரும்பும் வழியில் அந்த ஓட்டை வழியாகத்தான் நெருப்பாய்ச் சுட்ட காற்று இறக்கைக்குள் புகுந்தது. அந்தத் திருப்பத்துக்கு அருகிலேயே இருக்கிறது எட்டாவது. என் மாடலில் அது அரிசி மணியை விடச் சின்னது. அந்த ஒரு தகட்டைத் தனியாக வெட்டி, தனியாக வைத்தேன், அதற்கு அப்படிச் செய்யத் தேவை இல்லை, ஆனால் அதைப் பட்டையின் நடுவில் ஒரு துண்டாகக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. மகளிடம் இது என்ன இடம் என்று சொன்னேன். அவள் கல்பனா சாவ்லாவைப் பள்ளி நூலகப் புத்தகத்தில் படித்திருக்கிறாள், கர்னால் ஊர்க்காரர் என்பது வரை தெரிகிறது. எட்டாவது தகடு காய்கிறவரை அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

கொலம்பியாவை மற்ற விண்ணோடங்களிலிருந்து பிரித்துக் காட்டும் இரண்டு விஷயங்கள் உண்டு, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் மேல்பக்கமும் கறுப்பாக இருக்கும், வால் உச்சியில் ஒரு சின்ன உருளை இருக்கும். கறுப்பை மாஸ்கிங் டேப் போட்டுப் பெயின்ட்டிலேயே முடித்துவிட்டேன், உருளையை எபாக்ஸி புட்டியில் உருட்டினேன். இது வேறு நாள் தனியாக எழுத வேண்டியது.

கடைசியாகப் பெயர். நேற்றுக் காலை ஐந்தே முக்கால், மானி 89. பூச்சு பூசியும், ஓரத்தை ஒட்டி வெட்டியும், தண்ணீரிலிருந்து எடுக்கும்போது பெயர் மூன்றாகப் பிரிந்தது. முதல் மூன்று எழுத்து ஒரு துண்டு, நடுவில் ஒரு எழுத்து, மீதி ஒரு துண்டு. உடைந்த இடங்கள் நல்ல வேளையாக எழுத்துகளுக்கு இடையில். வலது இறக்கையில் தண்ணீரை நிறைத்து, மூன்றையும் அதில் மிதக்கவிட்டு, நனைந்த தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக ஓட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அடிக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். காற்று காய்ந்திருந்தால் முதல் துண்டு பிடித்துக்கொண்டிருக்கும், மற்ற இரண்டையும் அதற்கேற்ப வளைத்திருக்க வேண்டியிருக்கும். ஈரம் எனக்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்தது. சால் விடவில்லை, பழைய படலத்தைப் புதுப் பூச்சோடு சேர்த்து அது கரைத்துவிடலாம், மைக்ரோ செட் மட்டும். இடைவெளியில் தெரிந்த முடி அளவு வெள்ளைக் கோட்டைக் கறுப்புப் பெயின்ட் தொட்டு மறைக்கலாமா என்று யோசித்தேன், அது எழுத்துகளுக்கு இடையில் இருக்கும் வெள்ளைதான், அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மா காபியோடு வந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அந்த எழுத்துகளை அவரால் படிக்க முடியாது. “பேரா இது?” என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்று முழுக்க அது படுக்கையறை அலமாரியில், மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காய்கிறது. நாளை காலையில் ஈரத் துணியால் மிச்சப் பசையைத் துடைக்க வேண்டும், அதை விட்டால் மேட் கோட்டுக்கு அடியில் பழுப்பாகத் தெரியும். மேலே வெள்ளைப் பகுதிக்கு முழு மேட், வயிற்று ஓடுகளுக்குக் கொஞ்சம் மினுக்கம் மிச்சமிருக்கும்படி பாதி மேட். பிற்பகல் மழை வராமல், மானி 65க்குக் கீழே இறங்கினால் நாளைக்கே அடித்துவிடுவேன். பருவமழை மேகம் இப்போதே ஜொகூர் பக்கம் கறுத்து நிற்கிறது, இறங்காவிட்டால் சனிக்கிழமை வரை டப்பாவிலேயே இருக்கட்டும்.